அத்தை மகனுக்கு அனுமதி

"அங்கீகரிக்கப்பட்ட சொற்றொகுதியில் உள்ள ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைப் பயன்படுத்த விரும்பும் மொழிபெயர்ப்பாளர், அதற்கான எழுத்துமூல அனுமதி கிடைக்கும்வரை, சொற்றொகுதியில் உள்ள சொல்லையே பயன்படுத்துதல் வேண்டும்."

இந்த விதியில் பிழை சொல்ல முடியாது. காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு சொல்லுக்குக் கண்டியில் ஒரு பொருளும் கொழும்பில் இன்னொரு பொருளும் இருந்தால் காணி யாருக்கு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவே விதி வேண்டும். ஆனால் 'கிடைக்கும்வரை' என்ற சொல்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கேட்பவர் காத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கொடுப்பவர் எப்போது கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் உங்கள் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி கழியப்போகிறது.

மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள், ஓய்வுபெற்றவர்களிடம் அனுபவம் எழுதி வாங்குவதாக அறிந்தேன். காணி வழக்கு, தேர்தல் அறிவித்தல் போன்ற கனமான விடயங்களை மற்றவர்கள் எழுதட்டும். அவர்களுக்கு அதில் விருப்பம் அதிகம். நான் எழுதப்போவது ஒரு சினிமாப் படத்தைப் பற்றி. மேலே சொன்ன விதி அதற்குப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவும் செய்தது. தொல்லையே அதனால்தான் வந்தது.

எங்கள் அலுவலகம் அப்போது மாதம் ஒருமுறை கண்டியில், வாவிக்குப் பக்கத்து மண்டபமொன்றில் படம் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் சிங்களப் படம், அடியில் தமிழ் எழுத்து. மறுமாதம் தமிழ்ப் படம், அடியில் சிங்கள எழுத்து. இரு சமூகத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்பது திட்டம். இடைவேளையில் கொடுக்கும் பெட்டிஸுக்கும் பிளேன்டீக்கும் கூட்டம் வருகிறது என்பது என் கணிப்பு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அந்த மாதத்துக்குத் தெரிவானது கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ்ப் படம், ஒரு ராஜா கதை. பெயர் வேண்டாம்; அந்த வகைப் படம் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு எல்லாப் படமும் தெரியும். தூணுக்குத் தூண் ஒளிந்து ஒட்டுக்கேட்கும் மந்திரி. அவனுக்கு ஒரு மண்டு மகன். மகனை இளவரசிக்குக் கட்டிவைத்து நாட்டைப் பிடிக்க வேண்டும் என்பது சதி. இளவரசியோ எங்கிருந்தோ வந்த ஒரு வாள்வீரனைக் காதலிக்கிறாள். அவன் யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. ஊர் பேர் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதா என்று ராஜா மறுக்கிறார். உண்மையில் அவன், மந்திரியின் சூழ்ச்சியால் காட்டுக்கு விரட்டப்பட்ட ராஜாவின் தங்கை பெற்ற மகன். இதை இடைவேளைக்குச் சற்று முன் செவிலித்தாய் நமக்கு மட்டும் சொல்லிவிடுகிறாள். கடைசிக் காட்சியில், நிறைந்த சபையில், வாள் மார்புக்கு நேராக இருக்கும்போது இளவரசிக்கும் தெரிய வருகிறது. "நீங்கள் என் அத்தை மகன்!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து அவன் மார்பில் விழுகிறாள்.

தமிழில் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அத்தை மகன் என்றால் முறைமாப்பிள்ளை. அதுவரை இல்லாத உரிமை அந்த ஒரு சொல்லில் வந்து சேர்ந்துவிடுகிறது. ராஜா வாயை மூட வேண்டும், மந்திரி வாளைப் போட வேண்டும். படமே அந்தச் சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சிங்கள எழுத்தைச் செய்தவர் எனக்குக் கீழ் வேலை செய்த ரிஸ்னா. மடவளையிலிருந்து தினமும் கட்டுகஸ்தோட்டை வழியாகப் பஸ்ஸில் வருவார். இரண்டு மொழியிலும் அவருக்குத் தயக்கமே கிடையாது. சிங்களத்தில் கனவு காண்பாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒப்பந்த அடிப்படையில் வேலை. முறிவில்லாத சேவை உள்ளவர்களை நிரந்தரமாக்கப் போவதாக ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஒப்பந்தம் ஒருதரம் நீடிக்கப்பட்டால் அவர் அதற்குள் வந்துவிடுவார். நீடிக்கப்படாவிட்டால் சேவை முறிந்துவிடும், பிறகு பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய வாப்பா கடையை மூடிவிட்டார். தம்பிமார் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். இதை அவர் ஒருபோதும் என்னிடம் முறையிட்டுச் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

'அத்தை மகன்' என்ற இடத்தில் ரிஸ்னா முதலில் போட்டிருந்தது 'எவெஸ்ஸ மஸ்ஸினா'. கண்டிப் பகுதிச் சிங்களக் குடும்பங்களில் பழைய ஆட்களிடம் இருக்கும் சொல். அப்பாவின் சகோதரி மகன் அல்லது அம்மாவின் சகோதரன் மகன். பெண் கேட்கும் உரிமை உள்ளவன். நம்முடைய முறைமாப்பிள்ளைதான், சட்டை மட்டும் வேறு. மச்சான் என்றே போட்டால் என்ன என்று நான் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"எங்கட வீட்ல மச்சான் எண்டா வேற கத மிஸ். சிங்களத்தில அத போட்டா, இளவரசி பஸ்ல கூட வாற கூட்டாளிய கூப்பிடுற மாதிரி ஈக்கும்" என்றார் ரிஸ்னா.

சரியான சொல்தான். ஆனால் சொற்றொகுதியில் இல்லை. அதில் அத்தை மகன், மாமன் மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் ஆகிய நால்வருக்கும் சேர்த்து ஒரே பதிவு: 'ஞாதி சகோதரயா'. உறவுவழிச் சகோதரன் என்று பொருள். தமிழிலிருந்து சிங்களத்துக்கு வரும் வழியில் யாரோ ஆங்கிலத்தில் இறங்கி, 'கஸின்' என்ற சொல்லை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்துக்கு அது போதும். காதல் படத்துக்கு என்ன செய்யும் என்று சொற்றொகுதியைத் தொகுத்த குழு யோசித்திருக்க நியாயமில்லை.

ஆகவே விதிப்படி அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். காரணம், உதாரணம், இணைப்பு எல்லாம் முறையாக. கடிதம் போனது. எழுத்துக் கோப்பும் சரிபார்ப்புக்காகக் கொழும்புத் தலைமையகம் போனது. கோப்பு திரும்பி வந்தது, கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோப்பில் 'எவெஸ்ஸ மஸ்ஸினா' இருந்த இடமெல்லாம் 'ஞாதி சகோதரயா' என்று திருத்தி, மாற்ற முடியாதபடி பூட்டி அனுப்பியிருந்தார்கள். பூட்டியவர் சரிபார்க்கும் உத்தியோகத்தர். படம் காட்டும் நாளில் அவரும் கண்டிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தன் வேலையைத் திரையில் பார்க்கும் ஆசை யாருக்கும் இருக்கும்தானே.

எங்கள் உதவிப் பணிப்பாளர் ரத்நாயக்க நல்ல மனிதர். கையெழுத்துப் போடும் முன் பேனாவின் மூடியை மூன்று தரம் கழற்றி மாட்டுவார், அவ்வளவுதான். அவரிடம் போய் இந்தச் சொல் ஓடாது என்றேன். அவருக்கும் விளங்கியது. "ஆனா மெடம், பதில் வரலியே" என்றார். விதி அவர் பக்கம் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

படம் காட்டும் நாளில் நல்ல மழை. மழை நாளில் பெட்டிஸுக்கு மவுசு கூடும், மண்டபம் நிறைந்திருந்தது. யாரும் சொல்லாமலே தமிழ் பேசுபவர்கள் ஒரு பக்கமும் சிங்களம் பேசுபவர்கள் மறுபக்கமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். புரிந்துணர்வுத் திட்டங்களில் இது எப்போதும் நடக்கும், கவலைப்பட வேண்டாம். பிரதம அதிதி ஒரு சிங்களப் பெண்கள் பாடசாலையின் அதிபர். இரண்டாம் மொழியாகத் தமிழ் படிக்கும் மாணவிகள் இரண்டு வரிசை நிறைய அவரோடு வந்திருந்தார்கள். அவருடைய கணவரும் முன்வரிசையில் இருந்தார்; ஓய்வுபெற்ற நில அளவையாளர். விளக்கு அணைந்ததும் அவர் தூங்கிவிட்டார்.

படம் தொடங்கும் முன் திரையில் பெரிய எழுத்தில் ரிஸ்னாவின் பெயர் வந்தது, 'சிங்களத்தில்' என்று. சரிபார்த்தவர் பெயர் வரவில்லை. சரிபார்ப்பவர் பெயர் ஒருபோதும் வராது. அந்தப் பதவியின் வசதியே அதுதான்.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. ஊஞ்சல், அல்லிக்குளம், வாள்சண்டை. மந்திரி தூணுக்குப் பின்னால் வரும்போதெல்லாம் மாணவிகள் சிரித்தார்கள். வாள்வீரன் இளவரசியின் தலையிலிருந்து விழுந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றியபோது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது. அப்போதுதான் செவிலித்தாய் வந்து, அவன் இளவரசிக்கு அத்தை மகன் என்று சொன்னாள்.

தமிழ்ப் பக்கம் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். "அப்ப முறதான், கட்டிக் குடுங்கப்பா" என்றது ஒரு பெண் குரல். சிங்களப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் படித்தது இதுதான்: அவன் அவளுடைய சகோதரன். அந்தச் சகோதரனோடுதான் அவள் சற்று முன் அல்லிக்குளத்தில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் செய்திக்குத் தமிழர்கள் கைதட்டி விசிலடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காகத்தான் கூட்டி வந்திருந்தோம்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் அதிபர் நேரே என்னிடம் வந்தார். சிங்களத்தில் பேசினோம், தமிழில் தருகிறேன்.

"மிஸ், குறை நினைக்க வேணாம். அண்ணனும் தங்கச்சியும் காதலிக்கிற கதைய இந்தப் பிள்ளைகளுக்கு என்னால காட்ட முடியாது. பெற்றோருக்கு நான் என்ன சொல்றது? பஸ்ஸ வாசலுக்கு வரச் சொல்லியிருக்கேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "இத மொழிபெயர்த்த பிள்ள யாரு? திரையில பேர் போட்டிருந்தாங்களே. அவங்களுக்குச் சரியா மொழி தெரியாதா, இல்ல தெரிஞ்சுதான் போட்டாங்களா? நான் எழுதிக் கேக்க வேண்டி வரும்" என்றார்.

ரிஸ்னா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டது.

ரத்நாயக்க பேனா மூடியைக் கழற்றி மாட்டத் தொடங்கினார். இரண்டாம் பாதியைச் சிங்கள எழுத்து இல்லாமல் ஓட்டினால் என்ன என்றார். அப்படிச் செய்தால் சிங்களப் பக்கத்தார் அந்த இருவரையும் அண்ணன் தங்கை என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்றேன். சரிபார்க்கும் உத்தியோகத்தர் மூலையில் பெட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லில் பிழையில்லை, சகோதரன் என்பது மரியாதையான சொல், மக்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

ரிஸ்னா கைப்பையைத் திறந்தார்.

"மிஸ், என்ட பென் ட்ரைவ்ல முதல் எழுதின எழுத்து அப்பிடியே ஈக்கு. மெஷின் ரூம் ஆள்ட்ட சொன்னா மாத்திப் போட்டிருவாரு. யாருக்கும் வெளங்காது."

இந்த இடத்தில் உங்களில் பாதிப்பேர் போட்டுவிடுங்கள் என்று சொல்வீர்கள். சொல் சரி, நேரம் இல்லை, பிள்ளையின் பெயர் கெடுகிறது. ஆனால் யோசியுங்கள். அனுமதி இல்லாத கோப்பு ஒன்று, பூட்டிய கோப்புக்குப் பதிலாக, அதைப் பூட்டியவர் கண்முன்னாலேயே ஓடினால், பிறகு சொல் சரியா பிழையா என்று எவரும் பேசமாட்டார்கள். கோப்பை மாற்றியது யார் என்பது மட்டும்தான் பேச்சாகும். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அவருடைய சேவையும் அத்தோடு முடிந்துவிடும். சரியானதைப் பிழையான வழியில் செய்கிறவரைக் காப்பாற்ற எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. நான் தேடியிருக்கிறேன்.

"பைய மூடுங்க. மேடைக்குப் போங்க" என்றேன்.

"மேடைக்கா? என்ன சொல்லி?"

விதிக்கோவையின் பின்பகுதியை யாரும் படிப்பதில்லை. பொது நிகழ்வுகளில் சபையோருக்கு விளங்காத வழக்காறு ஒன்று இருக்குமானால் மொழிபெயர்ப்பாளர் வாய்மொழியாகச் சுருக்கமான விளக்கம் அளிக்கலாம் என்று அங்கே ஒரு பந்தி இருக்கிறது. அனுமதி தேவையில்லை. நேர எல்லையும் இல்லை. அதை ரத்நாயக்கவிடம் மனப்பாடமாகச் சொன்னேன். அவர் முகத்தில் மழை விட்டது போல ஒரு வெளிச்சம். "அப்ப சரி மெடம், அப்ப சரி" என்றார்.

ரிஸ்னாவிடம் ஒன்றை மட்டும் சொன்னேன். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. விளக்கம் அளிக்கலாம் என்பதுதான் விதி. அங்கீகாரமற்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று அதில் இல்லை. மற்றபடி எப்படிச் செய்வதென்று அவருக்கு விட்டுவிட்டேன். அவர் கைப்பையை மூடி என்னிடம் தந்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஏறினார்.

மாணவிகள் அதற்குள் எழுந்து வரிசையாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ரிஸ்னா ஒலிவாங்கியை எடுத்து, வணக்கம் வழமை எல்லாம் விட்டு, சிங்களத்தில் நேராகக் கேட்டார். "உங்கள் அப்பாவுக்கு ஒரு தங்கை. அவருக்கு ஒரு மகன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் அந்த மகனை உங்களுக்கு என்ன முறை என்று சொல்வார்கள்?"

பட்டணத்து ஆட்களுக்குச் சபையில் இதைச் சொல்லக் கூச்சம். மாணவிகளுக்குத் தெரியவே தெரியாது. 'ஞாதி' என்று தொடங்கி ஒருத்தி நிறுத்திக்கொண்டாள். ரிஸ்னா மறுபடியும் கேட்டார், இன்னும் மெதுவாக. "அந்த மகனுக்கும் உங்களுக்கும் கலியாணம் பேசினால் உங்கள் ஆச்சி கோபப்படுவாரா, சந்தோஷப்படுவாரா?"

முன்வரிசையில் நில அளவையாளர் கண் விழித்தார். விளக்கு எரிந்ததாலா, கேள்வியாலா தெரியாது.

"எவெஸ்ஸ மஸ்ஸினா" என்றார் உரக்க. "வேறென்ன? நாந்தான் உட்கார்ந்திருக்கேனே." மனைவி நின்ற பக்கம் கையைக் காட்டினார். "இவங்க தாத்தாவும் எங்க அம்மாவும் கூடப் பிறந்தவங்க. ஊரே சேர்ந்து பேசி முடிச்ச கலியாணம்."

இங்கே தாத்தா என்றால் சிங்களத்தில் அப்பா. மொழிபெயர்ப்பாளர்கள் நீங்கள் பதற வேண்டாம்.

மண்டபம் சிரித்த சிரிப்பு வாவிக்கரை வரை கேட்டிருக்கும். மாணவிகள் நடந்த இடத்திலேயே நின்று தங்கள் அதிபரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். "இவருக்கு எங்க போனாலும் இதச் சொல்லாம இருக்க முடியாது" என்றார். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. இவ்வளவு காலம் தன் அத்தை மகனோடு குடும்பம் நடத்துகிறவர், திரையில் 'ஞாதி சகோதரயா' என்று படித்ததும் அண்ணன் தங்கை என்று பதறிவிட்டார். சொல் பிழையானால் சொந்தக் கணவனையே அடையாளம் தெரியாது. இதை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் குறித்துக்கொள்வதில்லை.

"உட்காருங்க பிள்ளைகள்" என்றார் அதிபர். பஸ்ஸை மறுபடி நிறுத்துமிடத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் பாதியில் இரண்டு பக்கமும் ஒரே படத்தைப் பார்த்தன. மந்திரி மகனை மணமேடையில் உட்காரவைத்தபோது சிங்களப் பக்கத்திலிருந்துதான் முதலில் எதிர்ப்புச் சத்தம் வந்தது. உரிமைக்காரன் சிறையில் இருக்கும்போது இவன் யார் என்ற நியாயமான கோபம். கடைசியில் நிறைந்த சபை, மார்புக்கு நேராக வாள். இளவரசி "நீங்கள் என் அத்தை மகன்!" என்றாள். அடியில் பூட்டிய எழுத்து 'ஞாதி சகோதரயா' என்று வந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. இரண்டு வரிசை மாணவிகளும் ஒரே குரலில் "எவெஸ்ஸ மஸ்ஸினா!" என்று கத்தினார்கள். சிங்களப் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. தமிழ்ப் பக்கம் கைதட்டியது. பின்வரிசை விசில்காரர் தன் கடமையைச் செய்தார்.

ரிஸ்னா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். தும்மல் என்றார் என்னிடம்.

நல்ல முடிவு என்று நினைப்பீர்கள். அரசாங்க வேலையில் நல்ல முடிவு வந்த பிறகுதான் அறிக்கை வரும். சரிபார்க்கும் உத்தியோகத்தர் கொழும்பு போய் எழுதியது: "மொழிபெயர்ப்பாளரின் தூண்டுதலின் பேரில் சபையோர் அங்கீகாரமற்ற சொல்லொன்றைக் கூட்டாக உச்சரித்தனர்." வசனம் நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்மேல் ரிஸ்னாவிடம் விளக்கம் கோரப்பட்டது. விளக்கம் எழுதினோம். மேடையில் அவர் கேள்விதான் கேட்டார், பதில் பொதுமக்களுடையது, பொதுமக்கள் சொற்றொகுதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று எந்த விதியும் இல்லை. தலைமையகம் இதை மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. குறித்த சொல் தொடர்பான குழுவின் தீர்மானம் கிடைக்கும்வரை ஒப்பந்த நீடிப்பு பரிசீலிக்கப்படமாட்டாது என்று எழுதியது. கிடைக்கும்வரை. மறுபடியும் அதே சொல்.

இப்போது நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராதபோது கோபத்தில் புதுக் கடிதம் எழுதாதீர்கள். புதுக் கடிதத்துக்குப் புதுத் திகதி விழும். நினைவூட்டல் எழுதுங்கள், அது பழைய கடிதத்தின் திகதியைத் தலையில் சுமந்துகொண்டு போகும். எங்கள் பழைய கடிதம் படம் காட்டும் முன் எழுதப்பட்டது. அதன் திகதியிலிருந்து அனுமதி கிடைத்தால், அந்த மண்டபத்தில் யார் கத்தியிருந்தாலும் அது அங்கீகரிக்கப்பட்ட சொல்லாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நினைவூட்டலிலும் 'எமது கோரிக்கைத் திகதியிலிருந்து செயற்படும் வண்ணம்' என்று பணிவாகச் சேர்த்தேன்.

அதிபர் தொலைபேசியில் அழைத்து, பாராட்டுக் கடிதம் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாராட்டுக் கடிதத்துக்கு வேறு கோப்பு, அதை யாரும் திறப்பதில்லை. சொல் இந்தப் பகுதியில் புழக்கத்தில் உள்ளது என்று ஒரு பந்தி எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார். அதில் ஒரு வரி: "நான் சிறுபராயம் முதல் என் கணவரை இம்முறை சொல்லியே அறிவேன்; திருமணத்தின் பின்னரும் அதில் மாற்றம் ஏற்படவில்லை." இணைப்பாக அனுப்பினேன். என் சேவைக்காலத்தில் நான் இணைத்தவற்றில் மிகச் சிறந்த இணைப்பு அதுதான்.

குழு கூடவில்லை. ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் சுகவீன விடுமுறையில், ஒருவர் ஓய்வுபெற்று வேறொருவர் நியமிக்கப்படவில்லை. ரிஸ்னாவின் ஒப்பந்தம் முடியும் நாள் வந்தது.

அன்று காலை அவர் அலுமாரிச் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். பக்கத்து மேசைக்காரர்களுக்கு வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். போகிறேன் என்று சொல்வதற்கான ஏற்பாடு. நான் சாவியை எடுக்கவில்லை.

"ஒப்படைப்பு முடியாம உங்கள விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்ல ரிஸ்னா. அலுமாரியத் தொறங்க, சாமான சரிபார்க்கணும்."

பொறுப்பு ஒப்படைப்பு முடியும்வரை எந்த உத்தியோகத்தரையும் சேவையிலிருந்து விடுவிக்கலாகாது. உறுதியான விதி. அதுவரை அவர் சேவையில் உள்ளவராகவே கருதப்படுவார். ஒப்பந்தக்காரர்களுக்கு இல்லை என்று அதில் எங்கும் சொல்லவில்லை. வழமையாக நாம் அலுமாரிக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அன்று நான் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துளையிடும் கருவி சரி. முத்திரை மைப்பெட்டி சரி. 'அகராதி, பெரியது, ஒன்று' என்று பதிவு சொன்னது. அலுமாரியில் அகராதி இரண்டு பாகங்களாக இருந்தது. இரண்டு பாகம் சேர்ந்து ஓர் அகராதியா, அல்லது கணக்கில் வராத அகராதி ஒன்று மேலதிகமாக உள்ளதா? இதைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கு இல்லை. விளக்கம் கோரித் தலைமையகத்துக்கு எழுதி, கையெழுத்துக்காக ரத்நாயக்கவிடம் கொண்டுபோனேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"மெடம், இது ஒரு அகராதியா ரெண்டு அகராதியா எண்டு கேட்கக் கொழும்புக்கு எழுதணுமா?"

"எழுதாம முடிவெடுத்தா பிறகு கணக்காய்வுல உங்களத்தான் கேப்பாங்க சேர்."

"பதில் வர எவ்வளவு காலம் எடுக்கும்?"

"அத நாங்க சொல்ல முடியாதே."

"அதுவரைக்கும் ரிஸ்னா...?"

"ஒப்படைப்பு முடியல சேர்."

அவர் பேனா மூடியை ஒரே ஒரு தரம் கழற்றினார். கையெழுத்துப் போட்டார். வட்டிலப்பம் இருக்கிறதாமே என்று கேட்டார்.

ரிஸ்னா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் வரவுப் பதிவில் கையெழுத்து வைத்தார். அவர் மொழிபெயர்த்தவற்றில் நான் ஒப்பமிட்டேன். சம்பளப் பிரிவு ஒருதரம் கேட்டது. ஒப்படைப்பு நிலுவையில் உள்ளது என்று எழுதினேன். நிலுவை என்ற சொல்லைக் கண்டால் அவர்கள் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒருநாள் மாலை பஸ்ஸுக்குப் போகும்போது ரிஸ்னா வாசலில் நின்றார்.

"பதில் வராட்டி என்ன மிஸ் செய்யிற? எவ்வளவு நாளைக்கி இப்பிடி அகராதிய காட்டிக்கொண்டு ஈக்கேலும்?"

"வரும். ஆனா என்ன வரும்னு தெரியாது" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அகராதி பற்றிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. சொல் பற்றிய பதில் வந்தது. தபால்காரர் வழக்கத்தை விட முந்தியே வந்தார், மாலை ஊர்வலத்துக்காக வீதிகளை மூடிவிடுவார்கள் என்பதால். உறையைப் பிரித்தவர் ரத்நாயக்க. இரண்டு வரிதான். 'எவெஸ்ஸ மஸ்ஸினா' என்ற சொல், தங்கள் கோரிக்கைக் கடிதத்தின் திகதியிலிருந்து செயற்படும் வண்ணம் அங்கீகரிக்கப்படுகிறது. அவர் அதை உரக்க வாசித்தார், ஒருதரம் தனக்கு, ஒருதரம் எங்களுக்கு. ரிஸ்னா கதிரையில் உட்கார்ந்து, உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, பேச முடியாமல் என்னிடம் கொடுத்தார். நான்தான் பேசினேன். நீடிப்புக் கடிதத்தை ரத்நாயக்க அன்றே தயாரித்தார். மறுநாள் என்று சொல்லும் பழக்கமுள்ளவர், அன்றே தயாரித்தார். ரிஸ்னாவின் சேவை முறியவில்லை.

பதில் வந்தது, கண்டித் தலதா மாளிகையின் யானை ஊர்வலமான கும்பல் பெரஹரா தொடங்கிய நாள், ஒரு செவ்வாய்க்கிழமை.